சிங்ககட்டில் கண்ட செஞ்சி

புனே நகருக்கு நாம் மாற்றலாகி வந்து பதினேழு ஆண்டுகள் நிறைவுற்றன. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளிடையே காலம் கழிக்கும் நமக்கு ஆண்டுதோறும் தவறாத கடமைகள் இரண்டு உண்டு. ஒன்று, தமிழ்நாட்டுக்கு மாற்றல் வேண்டி விண்ணப்பம் எழுதுதல். மற்றொன்று, கோடை விடுமுறையில் வரும் உறவினர்க்கு இந்நகரைச் சுற்றிக் காட்டுதல். முன்னதில் இன்றளவும் வெற்றி கண்டோமில்லை. பின்னதில் நல்ல தேர்ச்சி பெற்றுவிட்டோம்.

முதலில் சனிவார் வாடா. பேஷ்வா முதலாம் பாஜிராவ் 1730ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், ஒரு சனிக்கிழமையன்று அடிக்கல் நாட்டிய மாளிகை. 1828இல் மூண்ட பெருந்தீ அதனை உண்டுவிட்டது. கருங்கல் அடித்தளமும், மதிலும், யானைகள் முட்டித் திறவாதவாறு இரும்பு முட்கள் பதித்த தில்லி வாயிற்கதவும் எஞ்சி நிற்கின்றன. அடுத்தது ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகம். இளமையிலேயே இறந்துபட்ட தம் மகன் ராஜாவின் நினைவாக, தினகர் கேள்கர் ஊர் ஊராய் அலைந்து திரட்டிய விளக்குகளும் பாக்குவெட்டிகளும் இசைக்கருவிகளும் அங்கே உள்ளன. திரட்டியவை ஏறத்தாழ 20,000 பொருள்கள்! மகனை இழந்த தந்தையின் துயரம் ஓர் ஊருக்கே செல்வமாயிற்று. இறுதியில் ஆகாகான் மாளிகை. 1942 ஆகஸ்டு முதல் 1944 மே வரை காந்தியடிகள் சிறை வைக்கப்பட்ட இடம். மகாதேவ தேசாயும் கஸ்தூரிபா அம்மையாரும் அங்கேதான் உயிர் நீத்தனர். அவ்விருவர் சமாதிகளின் முன் எத்தகைய வாயாடி உறவினரும் சற்றே பேச்சடங்கி நிற்பதைக் கண்டிருக்கிறோம்.

இத்தனை முறை காட்டியும், பிறர் வீட்டுப் பொருளைக் காட்டுவோர் போலவே நாம் காட்டி வந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "இது இவர்கள் கோட்டை, இவர் இவர்களுடைய ராஜா" என்றே நம் நா சொல்லிப் பழகிற்று.

அந்தப் பழக்கம் 2025ஆம் ஆண்டு தீபாவளியின்போது முறிந்தது.

இந்நகரில் தீபாவளிக்குச் சிறுவர்கள் மண்ணால் கோட்டை கட்டுவார்கள். நாம் நவராத்திரிக்குக் கொலு வைப்பது போன்றது அது. கல்லும் சாக்கும் கொண்டு மலை எழுப்பி, செம்மண் பூசி, விதை தூவிப் பசுமை முளைக்கச் செய்து, உச்சியில் சிவாஜி மகாராஜாவின் பொம்மையை அமர்த்துவர். இவ்வூரிலேயே பிறந்து ஆறாம் வகுப்பில் பயிலும் நம் மகளும் குடியிருப்புப் பிள்ளைகளோடு மண் பிசையச் சென்றாள். சென்றவள் சிறிது நேரத்தில் முகம் வாடித் திரும்பினாள்.

"அப்பா, ஒவ்வொருவரும் தம் ஊர்க் கோட்டையைச் சொல்ல வேண்டுமாம். ஒருத்தி சிவ்னேரி என்றாள், ஒருவன் ராஜ்கட் என்றான். நமக்குக் கோட்டை இருக்கிறதா?"

நம் சொந்த ஊர் திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூர். "ஏன் இல்லை அம்மா? செஞ்சிக் கோட்டை இருக்கிறதே!" என்றோம், பெருமிதத்தோடு.

"நீங்கள் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா?"

பெருமிதம் அவ்விடத்திலேயே அடங்கிற்று. திருவண்ணாமலைக்குச் செல்லும்போதெல்லாம் பேருந்துச் சன்னல் வழியே கண்டதுண்டு. இளமையில் தேசிங்கு ராஜன் கதையை விடிய விடியக் கேட்டதுண்டு. ஏறியதில்லை. அடுத்த முறை, அடுத்த முறை என்றே நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன.

வாயிலில் நின்று இதனைக் கேட்டுக்கொண்டிருந்தார் அடுத்த வீட்டு முதியவர். பள்ளியாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். "அண்ணா, நீங்கள் ஜிஞ்சிக்காரரா? இத்தனை ஆண்டுகள் சொல்லவில்லையே! எங்கள் ராஜாராம் மகாராஜா இருந்த ஊராயிற்றே. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நான் ராஜகிரி உச்சி வரை ஏறியிருக்கிறேன். அவருடைய சமாதி சிங்ககட்டில் இருக்கிறது, தெரியுமோ?" என்று மராத்தியில் வினவினார். நாணத்தால் தலை கவிழ்ந்தோம்.

அடுத்த ஞாயிறன்று நாமும் துணைவியாரும் மகளும் சிங்ககட் ஏறினோம். கொண்டாணா என்பது அதன் பழம்பெயர். 1670 பிப்ரவரியில் தானாஜி மாலுசரே தம் உயிரைக் கொடுத்து மீட்ட கோட்டை என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். மூச்சு வாங்க ஏறி, பாக்கரியும் பிட்லாவும் மண்கலயத் தயிரும் உண்டு, ராஜாராமின் சமாதியைத் தேடிச் சென்றோம்.

1689இல் அண்ணன் சாம்பாஜி ஔரங்கசீப்பினால் கொல்லப்பட்டபின், பத்தொன்பது வயது ராஜாராம் மாறுவேடம் பூண்டு தெற்கே வந்து புகுந்த இடம் செஞ்சி. முகலாயப் படை ஆண்டுக்கணக்காய் முற்றுகையிட்டும், 1698 வரை அக்கோட்டை வீழவில்லை. அந்நாள்களில் மராட்டிய அரசின் தலைநகரமே நம் செஞ்சிதான்! அங்கிருந்து தப்பி மீண்ட அவர், 1700 மார்ச்சில் இச்சிங்ககட்டில் முப்பது வயதில் மறைந்தார். தம் இளமையின் பெரும்பகுதியை அவர் கழித்தது நம் ஊர்ப்புற வெயிலில். இறுதி மூச்சை விட்டது, நாம் பதினேழு ஆண்டுகளாய் "வேற்றூர்" என்று விண்ணப்பத்தில் எழுதி வரும் இம்மண்ணில். சமாதியின் முன் நின்றபோது, தூரத்து உறவினர் ஒருவரை முதன்முறையாகக் கண்டது போலிருந்தது.

வீடு திரும்பியதும் மகள் செஞ்சியைக் கட்டலானாள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என மூன்று குன்றுகள். அவற்றை இணைக்கும் மதில். கல்யாண மகாலை எங்கே வைப்பது என்று எம்மைக் கேட்டாள். நாம் விழித்தோம். முதியவர்தான் குனிந்து அமர்ந்து இடம் காட்டினார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டனுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று செஞ்சி என்பதையும் அவரே பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தார்.

இவ்வாண்டும் மாற்றல் விண்ணப்பம் எழுதினோம். ஊரில் முதுமையுற்ற தாயார் இருக்கிறார். ஆயினும், "வேற்றூரில் வாழும் இன்னல்" என்று வழக்கமாய் எழுதும் வரியை இம்முறை அடித்துவிட்டோம். கூடவே, சொந்த ஊர் செல்ல விடுமுறைப் பயணச் சலுகைக்கும் விண்ணப்பித்துள்ளோம். உடன் வருமாறு முதியவரை அழைத்தோம்.

"முழங்கால் இனி இடம் கொடாது, அண்ணா. நீங்கள் ஏறிப் பார்த்து வந்து எனக்குச் சொல்லுங்கள்" என்றார்.