காற்றும் சாணமும் கைகோக்கும் வெர்ல்டெ

"காற்றுக் காலத்தில் காற்றாலை மின்சாரம் மிஞ்சுகிறது என்கிறார்கள். அதைச் சேர்த்துவைத்து, மற்ற நாளில் நம் மோட்டாருக்குக் கொடுக்கக்கூடாதா, சார்?" தென்மாவட்ட விவசாயிகள் கூட்டங்களில் தவறாமல் வரும் கேள்வி இது. இதற்கான ஒரு விடையை ஜெர்மனியின் வெர்ல்டெ என்ற சிற்றூரில் பார்த்தேன்.

நெதர்லாந்து எல்லையை ஒட்டிய எம்ஸ்லாந்து மாவட்டத்தில் இருக்கிறது வெர்ல்டெ. ஒரு காலத்தில் சதுப்பும் மணலுமாகக் கிடந்த ஏழை பூமி. 1950-ல் அரசு திட்டம் தீட்டி, சதுப்பு நீரை வடித்து, இரண்டு மீட்டர் ஆழம் வரை இறங்கும் ராட்சதக் கலப்பைகளால் அடிமணலையும் மேலிருந்த மக்குமண்ணையும் புரட்டிக் கலந்தார்கள். இன்று சாலையின் இருபுறமும் தலைக்கு மேல் வளர்ந்த மக்காச்சோளம், பன்றி, கோழிப் பண்ணைகள், தூரத்தில் சுழலும் காற்றாலைகள்.

ஊரில் பெரிய சாண எரிவாயு நிலையம் ஒன்று உண்டு. பண்ணைச் சாணக் கரைசலும் உணவுக் கழிவும்தான் அதற்குத் தீனி. நம் வீட்டுக் கலனைப் போலவே, வரும் வாயுவில் சுமார் 60% மீத்தேன். மீதி பெரும்பாலும் எரியாத கரியமில வாயு. குழாயில் அனுப்பும் முன் அதைப் பிரித்து, வழக்கமாகக் காற்றில் விட்டுவிடுவார்கள்.

அந்தக் கரியமில வாயுவைப் பயன்படுத்தவே, 2013-ல் ஆடி கார் நிறுவனம் பக்கத்தில் ஓர் ஆலையைத் தொடங்கியது. 6 மெகாவாட் காற்றாலை மின்சாரத்தைத் தண்ணீரில் செலுத்தி, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரிக்கிறார்கள். ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு, வினையூக்கி உள்ள சூடான கலனில் சேர்த்தால் மீத்தேன் கிடைக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் சபாத்தியே நூறாண்டுக்கு முன்பே கண்ட வினை இது. மீத்தேன் நாட்டின் எரிவாயுக் குழாயில் கலக்கிறது. வினையில் பிறக்கும் வெப்பமும் வீணாவதில்லை. சாண எரிவாயு நிலையத்துக்கே திரும்புகிறது.

இனி வரவு செலவு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும், குறைந்தது 9 லிட்டர் சுத்தமான தண்ணீரும் வேண்டும். மீத்தேனாக மாறும்போது தண்ணீரில் பாதி திரும்பக் கிடைக்கும். ஆனால், மின்சாரத்தின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி போய்விடும். அந்த வாயுவை எரித்து மறுபடி மின்சாரம் எடுத்தால், மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினாலே பெரிது. அப்படியிருந்தும் ஏன் செய்கிறார்கள்? பேட்டரி சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். வாயுவை நிலத்தடிக் கிடங்கில் மாதக்கணக்கில் வைத்திருந்து குளிர்காலத்தில் எடுக்கலாம். ஆக, இது உபரி மின்சாரத்துக்கான வழி; பற்றாக்குறை மின்சாரத்தில் செய்தால் நஷ்டம்.

வேளாண்மைக்காரன் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிந்தது. சாணத்திலிருந்து வாயு போனாலும் தழைச்சத்து ஸ்லரியிலேயே தங்கிவிடுகிறது. கால்நடை மிகுந்த எம்ஸ்லாந்தில் அது நிலத்தடி நீரில் நைட்ரேட்டாக இறங்குவது பெருங்கவலை. எக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் சாண எருவாக இடக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. அவர்களுக்குச் சுமையான அந்த ஸ்லரி, தொழு உரத்துக்கு ஏங்கும் நம் மண்ணுக்கு வரம்.

முப்பந்தல் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை காற்றுக்குக் குறைவில்லை, சாணத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால், தினம் 50 கிலோ சாணம் போடும் 2 கனமீட்டர் வீட்டுக் கலனுக்கு இந்த வித்தை ஒத்துவராது. பெரிய நிலையமும் எரிவாயுக் குழாயும் பக்கத்தில் இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

நாளை இப்படியொரு ஆலைக்காக நிலமோ சாணமோ கேட்டு உங்கள் ஊருக்கு யாராவது வந்தால், கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வரும்? மின்சாரம் உண்மையிலேயே உபரியா? ஸ்லரி என் வயலுக்குத் திரும்பி வருமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.