வட கடலின் வாயிலில்

நோர்வே நாட்டின் தென்மேற்குக் கரையிலே உள்ளது ஸ்ரவாங்கர் துறைமுகம். முன்னாளில் மீனைத் தகரத்தில் அடைக்கும் ஆலைகளால் பேர்பெற்றிருந்த அவ்வூர், 1969ஆம் ஆண்டில் வட கடலில் எக்கோபிஸ்க் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டதன்பின் எண்ணெய்த் தொழிலின் தலைநகராயிற்று. நாம் சென்றிறங்கிய அன்று மழையும் காற்றும் ஒருங்கே வீசின. விரித்த குடை மறுகணமே மேற்புறமாக மடங்கிவிட்டது. ஊரவர் எவர் கையிலும் குடை இல்லாததன் காரணம் அப்போதுதான் நமக்கு விளங்கிற்று!

துறைமுக ஓரத்தில் 1999இல் திறக்கப்பட்ட எண்ணெய் அரும்பொருட்சாலை நிற்கிறது. தொலைவிலிருந்து நோக்கின் அதுவே ஓர் எண்ணெய் மேடைபோலத் தோன்றும். கடல்நடு மேடைகளுக்குத் தொழிலாளர் ஹெலிகொப்டரிலேயே செல்கின்றனர். குளிர்நீரிலும் உயிர்காக்கும் தடித்த உடையை அணிந்தே ஏறுகின்றனர். காற்று இடந்தந்தாலும் அலை மிக உயருமாயின் பயணம் நிறுத்தப்படும். விமானம் நீரில் விழுந்தால் அவ்வலையில் எவரையும் மீட்டெடுக்க இயலாதன்றோ? ஆதலின், இரு வார வேலை முடித்து வீடு திரும்பவேண்டியவர், மூடுபனியையும் புயலையும் பார்த்தவாறு மேடையிலேயே காத்திருப்பதுண்டு.

அலை அடியிற் கடந்து செல்லும்பொருட்டு மேடையின் தளத்தைக் கடல்மட்டத்திற்கு வெகு உயரத்தில் அமைப்பர். எக்கோபிஸ்க்கில் எண்ணெயை எடுக்க எடுக்கக் கடலடியே தாழ்ந்தது. அலைக்கும் தளத்திற்குமிடையே இருந்த வெளி குறுகிற்று. எனவே 1987இல் மேடைகளின் கால்களை அறுத்து, தளங்களை ஆறு மீற்றர் உயர்த்தினர்.

1995ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று ட்ராப்னர் மேடையிலிருந்த லேசர்க் கருவி, பள்ளத்தினின்று முடிவரை 25.6 மீற்றர் உயர்ந்த ஓரலையை அளந்தது. நெடும்பனை ஒன்றின் உயரம் அது! அவ்வேளை சூழ எழுந்த பெரிய அலைகளின் சராசரியோ ஏறத்தாழ 12 மீற்றரே. கடலோடிகள் சொல்லிவந்த பேரலைக் கதைகளை அதுவரை ஐயுற்ற அறிஞரும் பின்னர் நம்பினர். ஆயினும் அவ்வலை ஓருயிரையும் கொள்ளவில்லை.

உயிர்கொண்டது வேறொரு புயல், அத்துணைப் பெரிதுமன்று. 1980 மார்ச் 27ஆந் திகதி மாலை, எக்கோபிஸ்க் வயலில் தொழிலாளர் தங்கும் மிதவையாக நின்ற 'அலெக்சாந்தர் கீலன்' கவிழ்ந்தது. இவ்வூரிற் பிறந்த நாவலாசிரியரின் பெயர் அதற்கு. தாங்குசட்டம் ஒன்றிலே, சிறியதோர் ஒட்டுவேலையின் அருகில் தோன்றிய வெடிப்பு அலைகளின் ஓயாத ஆட்டத்தால் நாளும் வளர்ந்திருந்தது. அன்று சட்டம் முறிந்தது. ஐந்து கால்களுள் ஒன்று பெயர்ந்தது. உயிர்காக்கும் படகுகளுட் சில, கயிறு இறுகி நின்றமையால் கொக்கி கழலாது, அலையால் மிதவையின்மேல் மோதுண்டு நொறுங்கின. இருந்தோர் 212 பேர். மாண்டோர் 123 பேர்.

நகர்ப்புறக் கடற்கரையில் அவர்கள் நினைவாக 'உடைந்த சங்கிலி' என்னும் சிற்பம் நிற்கிறது. நாம் அங்கே நின்றபோது மழை சற்றே ஓய்ந்தது. தலைக்கு மேலே ஹெலிகொப்டர் ஒன்று கடலை நோக்கிப் பறந்து சென்றது.