காலி கோல்

கால்பந்து வரலாற்றிலேயே அசிங்கமான கோல் எதுவென்று கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான். 1973 நவம்பர் 21, சிலே நாட்டின் தலைநகர் சாந்தியாகோ, எஸ்தாதியோ நாசியோனல் மைதானம். நடுக்கோட்டிலிருந்து சிலே வீரர்கள் பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டே போகிறார்கள். தடுக்க ஆளில்லை. கோல்கீப்பர் இல்லை. எதிரணியே இல்லை. கேப்டன் பிரான்சிஸ்கோ வால்தேஸ் கோல் கோட்டுப் பக்கம் வரை போய் பந்தை உள்ளே தள்ளுகிறார். அவ்வளவுதான். சிலே 1974 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டது.

யூடியூபில் அதைப் பார்க்கும்போது முதலில் சிரிப்புத்தான் வரும். பள்ளிக்கூட கிரவுண்டில் சின்னப் பசங்க விளையாடுகிற மாதிரி இருக்கும். எதிரணி ஏன் வரவில்லை என்று தேடிப் போனால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

1938இல் திறக்கப்பட்ட மைதானம் அது. 1962 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பிரேசில் செக்கோஸ்லோவாக்கியாவை 3-1 என்று தோற்கடித்தது அங்கேதான். பதினோரு வருடம் கழித்து, 1973 செப்டம்பர் 11 அன்று, சால்வதோர் அயெந்தேவின் அரசை ராணுவம் கவிழ்த்தது. பிடித்து வரப்பட்டவர்களை அடைக்கச் சிறைகள் போதவில்லை. மைதானத்தைச் சிறையாக்கினார்கள். உடை மாற்றும் அறைகளில் ஆட்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். பக்கத்தில் இருந்த சைக்கிள் பந்தயத் திடலில் விசாரணை, சித்திரவதை. பெண்களை நீச்சல் குளத்தின் உடை மாற்றும் அறைகளில் வைத்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்குப்படி ஒரு கட்டத்தில் உள்ளே இருந்தவர்கள் சுமார் 7,000 பேர். பகலில் அவர்களைக் கேலரியில் உட்கார வைப்பார்கள். ஆட்டம் எதுவும் நடக்காத ஒரு மைதானத்தில், பெஞ்சுகளில் கைதிகள்.

(பாடகர் விக்தோர் ஹாராவைக் கொன்றதும் இங்கேதான் என்று பலர் எழுதுவதைப் பார்க்கலாம். அது வேறு இடம். எஸ்தாதியோ சிலே என்ற உள்ளரங்கம், இப்போது அவர் பெயரிலேயே இருக்கிறது.)

சோவியத் யூனியனோடு தகுதிப் போட்டி. மாஸ்கோவில் செப்டம்பர் 26 அன்று நடந்த முதல் ஆட்டம் 0-0. இரண்டாவது சாந்தியாகோவில். ரத்தம் சிந்திய இடத்தில் ஆட மாட்டோம், வேறு நாட்டில் வையுங்கள் என்றது சோவியத் தரப்பு. ஃபிஃபா அக்டோபர் மாதம் ஒரு குழுவை அனுப்பியது. அந்தக் குழு வந்தபோதும் கைதிகள் உள்ளேதான் இருந்தார்கள். குழு பார்த்துவிட்டு ஆட்டத்தை நடத்தலாம் என்றது. சோவியத் அணி வரவில்லை. மிச்சக் கைதிகளை வேறு இடங்களுக்கு மாற்றிவிட்டு, காலி கோலில் பந்தைத் தள்ளினார்கள். டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்காக அன்றைக்கே பிரேசிலின் சாந்தோஸ் அணியோடு ஒரு நட்பு ஆட்டம் வைத்தார்கள். அதில் சிலே 0-5 என்று தோற்றது.

"விளையாட்டுல அரசியல் வேண்டாம்பா" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழு ஞாபகத்துக்கு வரும். அரசியல் வேண்டாம் என்பதன் அர்த்தம் பல நேரங்களில், புல்லை மட்டும் பார், கேலரியைப் பார்க்காதே என்பதுதான்.

அன்று களத்தில் பந்தைத் தட்டியவர்களில் கார்லோஸ் காஸ்லியும் ஒருவர். இடதுசாரி. பினோசெட் நீட்டிய கைக்குத் தன் கையைக் கொடுக்காமல் நின்றவர் என்று பின்னால் பெயரெடுத்தவர். அவருடைய அம்மாவை ராணுவத்தின் ஆட்கள் பிடித்துப்போய்ச் சித்திரவதை செய்தார்கள். 1988இல் பினோசெட் தொடரலாமா என்று வாக்கெடுப்பு வந்தது. 'வேண்டாம்' தரப்பின் தொலைக்காட்சிப் பிரச்சாரத்தில் ஒரு வயதான பெண் தனக்கு நடந்ததைச் சொல்கிறார். அடுத்து காஸ்லி தோன்றி, நானும் வேண்டாம் என்றே வாக்களிப்பேன், இவர் என் அம்மா என்கிறார். 'வேண்டாம்' ஜெயித்தது. அந்தக் கோலில் பங்கிருந்த ஒரு மனிதர் பதினைந்து வருடம் கழித்துப் போட்ட கோலாகத்தான் இதை நான் எண்ணிக்கொள்கிறேன்.

1990 மார்ச் 12 அன்று, புதிய ஜனாதிபதி பத்ரிசியோ எய்ல்வினை வரவேற்கும் விழா அதே மைதானத்தில் நடந்தது. கோல் கணக்கு காட்டும் ஸ்கோர்போர்டில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்கள் ஓடின. காதலர்கள் ஜோடியாக ஆட வேண்டிய குவேகா நடனத்தைப் பெண்கள் துணையில்லாமல் தனியே ஆடினார்கள்.

இப்படிப்பட்ட இடத்தை இடித்துத் தள்ளியிருக்கலாமே என்று தோன்றும். முழுக்க நினைவகமாக்கியிருக்கலாம். இல்லாவிட்டால் பெயின்ட் அடித்து மறந்திருக்கலாம். சிலே மக்கள் இதில் எதையும் செய்யவில்லை. 2003இல் மைதானத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். எட்டாம் எண் வாசலுக்கு மேலே, கோலுக்குப் பின்னால் இருந்த பழைய மர பெஞ்சுகளை அப்படியே விட்டுவைத்தார்கள். சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் சாயம் போன அந்தப் பலகைகள். அங்கே டிக்கெட் கிடையாது. நினைவில்லாத மக்களுக்கு எதிர்காலமில்லை என்ற பொருளில் மேலே ஒரு வாசகம்.

2015 கோபா அமெரிக்கா இறுதிப் போட்டியை நம்ம ஊர் நேரப்படி நடுராத்திரிக்கு மேல் உட்கார்ந்து பார்த்தேன். சிலே, அர்ஜென்டினா. பெனால்டியில் அலெக்சிஸ் சான்செஸ் பந்தை மெதுவாக நடுவில் ஏந்திவிட்டார். சிலேவின் முதல் பெரிய கோப்பை. மைதானமே வெடித்தது. அப்போதும் அந்த பெஞ்சுகளில் யாரும் இல்லை.

1973இல் எல்லாவற்றையும் மறைக்க ஒரு வெறுமையைப் பயன்படுத்தினார்கள். இன்றைக்கு இருக்கும் வெறுமை எதையும் மறைக்க விடுவதில்லை. ஆட்டம் நடக்கட்டும், பாட்டும் கூச்சலும் இருக்கட்டும், அந்த இடம் மட்டும் நிரம்பாமல் இருக்கட்டும் என்று முடிவு செய்த ஒரு சமூகத்தின் மேல் எனக்குப் பொறாமைகூட உண்டு.