வெசாக்குக்கு முதல் நாள்

மாலை ஐந்து மணி. அரநாயக்க. மாவனெல்லை பஸ் சந்தியில் வந்து நிற்கிறது. இறங்கியவர்களில் பாதிப் பேர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

மதுக்கடை வாசலில் இரும்புக் கம்பி வலை. வலையில் ஒரு கையும் ஒரு போத்தலும் நுழையும் அளவுக்கு ஓட்டை. வரிசை அந்த ஓட்டையில் தொடங்குகிறது. தையற்கடையைத் தாண்டுகிறது. மருந்துக்கடைப் படியில் வளைகிறது. யாரும் கதைப்பதில்லை. வரிசை நகரும்போது மட்டும் எல்லாச் செருப்பும் சேர்ந்து ஒரு சத்தம் போடுகின்றன.

நாளை வெசாக். பௌர்ணமி தோறும் நாடெங்கும் ஒரு நாள் சாராயக்கடை அடைப்பு. வெசாக்குக்கு இரண்டு நாள். கால் போத்தலுக்கு வந்தவர் இரண்டு விரலை நீட்டுகிறார். பிறகு யோசித்து மூன்றாவதையும் நீட்டுகிறார்.

வலைக்குப் பின்னால் பத்திரிகைத் தாள் அடுக்கு. முதல் தாளில் வெள்ளைத் தாமரை, புத்தர், வெசாக் வாழ்த்து. சுற்றிக் கொடுப்பவர் அதை எடுத்து மேல் தட்டில் பக்குவமாக வைக்கிறார். அடுத்த தாள் கிரிக்கெட். போத்தல் அதற்குள் போகிறது.

எதிரில் மூன்று பையன்கள் மூங்கில் சீவி வெசாக் கூடு கட்டுகிறார்கள். ஒட்டிய தாள் ஈரக் காற்றில் தொய்கிறது. பத்தலேகல தெரியவில்லை. வெள்ளைக்காரர் பைபிள் ராக் என்று பெயர் வைத்த அந்தப் பாறை காலையிலிருந்தே மேகத்துக்குள் இருக்கிறது.

*

சந்திக்குச் சற்று மேலே ஒரு ஹோட்டல். மாடியில் ரெஸ்டுரன்ட். ஒன்பது மேசை. சுவரில் தொலைக்காட்சி. தமிழ்ப் படம் ஓடுகிறது, சத்தம் இல்லாமல். கதாநாயகன் துக்கத்தில் இருக்கிறான். கையில் எதையோ ஏந்தியிருக்கிறான். அது என்னவென்று தெரியாமல் அந்த இடம் மட்டும் கலங்கலாக இருக்கிறது. இலங்கைத் தொலைக்காட்சியில் கிளாஸும் சிகரெட்டும் இப்படித்தான் வரும். 2006ஆம் ஆண்டுச் சட்டம் மதுவுக்கும் புகையிலைக்கும் விளம்பரம் கூடாது என்கிறது. திரைக்குக் கீழே ஒன்பது மேசையிலும் கிளாஸ்கள் பளிச்சென்று தெரிகின்றன.

தூணோரத்து மேசையில் ஒருவர். ஐம்பது வயதிருக்கும். தோய்த்து மடித்த சேர்ட். நகக்கண்ணில் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருக்கிறது. விடியுமுன் மரத்துக்கு மரம் போய்ப் பால் வெட்டுகிற கை. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளுக்குப் பெயரும் விழாது, கூலியும் இல்லை. அவர் வானத்தை ஒரு தரம் பார்க்கிறார், கிளாஸை ஒரு தரம் பார்க்கிறார். கிளாஸின் விளிம்பைச் சேர்ட் நுனியால் துடைக்கிறார். பிறகுதான் ஊற்றுகிறார்.

கடைசி மேசையில் கட்டம்போட்ட சேர்ட்காரர். முன்னால் ஒரு சிறு கொப்பி, ஒரு டோர்ச், பிளேன்டீ. அரைமணிக்கு ஒரு தரம் எழுந்து கீழே போகிறார். பக்கத்து வளவுக் கம்பத்தில் மழைமானி. டோர்ச் அடிக்கிறார். குனிந்து கோட்டைப் பார்க்கிறார். மேலே வந்து கொப்பியில் ஓர் எண் எழுதுகிறார். யாரும் கேட்காமலே உரக்கச் சொல்கிறார்.

“ஹத்தலிஸ் எகய்.”

நாற்பத்தொன்று. மில்லிமீற்றர். மேசைகள் தலையாட்டுகின்றன.

2016 மே 17. மூன்று நாள் மழைக்குப் பிறகு இதே அரநாயக்கவில் சாமசர மலை உடைந்து மூன்று ஊர்கள்மேல் இறங்கியது. சிரிபுர, எலங்கப்பிட்டிய, பல்லேபாகே. இறந்தவர்களும் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டவர்களும் சேர்ந்து நூற்றுக்கு மேல். அந்த வாரமும் வெசாக் வாரம்தான். இருபத்துநாலு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. இந்த ஊரில் பிள்ளைகளுக்கும் பாடம்.

வெயிட்டர் கவுண்டரில் நிற்கிறான். அவன் கையிலும் கோடு போட்ட ஓர் அளவை. அதில் சாராயம் ஊற்றுகிறான். கோட்டுக்குக் குனிந்து பார்க்கிறான்.

*

ஏழு மணி. மேடை என்று ஒன்றில்லை. மூலையில் ஒரு கீபோர்ட், ஒரு ஒக்டபேட், ஒரு மைக். கீபோர்ட்காரர் பிளக் தேடுகிறார். ஐஸ்கிரீம் பெட்டியின் பிளக்கைக் கழற்றினால்தான் அவருக்கு மின்சாரம். முதலாளி ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். மூடுகிறார். சரி என்று கையசைக்கிறார்.

முதற்பாட்டு கிளாரன்ஸ் விஜேவர்தன. சிங்களப் பாட்டுக்கு எலெக்ட்ரிக் கிதார் பூட்டியவர். 1996இல் போய்விட்டார். பாட்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறது. யாரும் கைதட்டவில்லை. ஆனால் எல்லாப் பெருவிரலும் மேசையில் மெல்லத் தட்டுகின்றன.

கீழே ஒரு வேன் வந்து நிற்கிறது. பின்கண்ணாடியில் அஸுபினி எல்ல அருவியில் குளித்த துவாய்கள் காய்கின்றன. காய்கின்றன என்பது மரியாதைக்கு.

ஐந்து பையன்கள் மாடிப்படி ஏறுகிறார்கள். ஐந்து பேருக்கும் ஒரே கறுப்பு டீசேர்ட். முதுகில் பேராதனை, பீடத்தின் பெயர், பேச் இலக்கம். ஒருவனிடம் கிதார். யாழ்ப்பாணத்துக்காரன் ஒருவன், மட்டக்களப்பான் ஒருவன், குருநாகல் சிங்களப் பையன்கள் இருவர், மெல்லிய மீசை வைத்த உள்ளூர்க்காரன். உள்ளூர்க்காரன்தான் இவர்களைக் கூட்டிவந்தவன். ஆனால் கடைசியாக ஏறுகிறான்.

“கண்டியில ஒரு பியருக்குக் குடுக்கிற காசில இஞ்ச மூண்டு குடிக்கலாம் மச்சான்,” யாழ்ப்பாணத்தான் விலைப்பட்டியலைப் படிக்கிறான். படித்து முடித்துத் திரும்பவும் படிக்கிறான்.

தூணோரத்துக் கிளாஸ் மேசையிலிருந்து மெதுவாக நகர்கிறது. தூணுக்குப் பின்னால் போகிறது. அதன் பின்னால் ஒரு நாற்காலி. நாற்காலியில் அவர்.

வெயிட்டர் அங்கே பார்க்கிறான். இங்கே பார்க்கிறான். எல்லாம் விளங்கியவன் போல் ஒரு துணியெடுத்து, துடைத்த மேசையைத் துடைக்கிறான்.

“அடையாள அட்டை.”

ஐந்து அட்டைகள் மேசையில். பன்னிரண்டு இலக்கம். முதல் நான்கும் பிறந்த வருடம். வெயிட்டர் அந்த நான்கோடு நிறுத்திக்கொள்கிறான். இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும். நாலு பேர் தப்புகிறார்கள். மட்டக்களப்பானுக்கு இன்னும் ஆகவில்லை.

“உனக்கு ஜிஞ்சர் பியர்.”

“அதிலயும் பியர் இரிக்கிதானே,” என்கிறான் மட்டக்களப்பான். எடுத்துக்கொள்கிறான்.

மெல்லிய மீசைக்காரன் தன் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறான். டீசேர்ட் நுனியால் விளிம்பைத் துடைக்கிறான்.

*

வேனுக்குள் இரண்டு பெண்கள். வளாகத்தில் ஒரே அறை. மடியில் கொத்துப் பார்சல். நடுவில் ஐஸ் உருகிய ரெஜிஃபோம் பெட்டி. மேலே ஏறுவதில்லை என்று முன்பே பேசியாகிவிட்டது.

அவர்களின் அட்டையிலும் பன்னிரண்டு இலக்கம். வருடத்துக்கு அடுத்த மூன்று இலக்கம் பிறந்த நாளைச் சொல்லும். பெண்ணென்றால் அதோடு ஐந்நூறு கூட்டியிருக்கும். எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். பெண்களுக்குச் சாராயம் விற்கக் கூடாது என்று 1979இல் ஒரு வர்த்தமானி. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திரும்பவும் போடச் சொன்னார். வேனுக்குள் இருக்கிற இரண்டு பெண்களும் கேட்டிருந்தால் கேட்டிருக்கக்கூடியது நெக்டோ சோடாதான். அதுவும் கீழ்க்கடையில் கிடைக்கிறது.

மாடியிலிருந்து பாட்டு வருகிறது. ஒருத்தி கொத்தை மென்றபடி முனகுகிறாள். மேலே பாடுகிறவருக்குத் தப்பிய இடத்தில் இவளுக்குத் தப்பவில்லை.

*

கீபோர்ட்காரர் கறுப்பு டீசேர்ட் மேசையை உற்றுக் கேட்கிறார். தமிழ். உடனே சுராங்கனி. தமிழ்ப் பையன்களைக் கண்டால் சிங்களப் பாடகர்கள் எடுக்கிற முதல் பாட்டு. ஏ. ஈ. மனோகரன் 2018இல் சென்னையில் கண்மூடினார். பாட்டுக்கு இன்னும் இரண்டு பாஷையும் ஒத்துவருகிறது. குருநாகல் பையன்கள் சிங்களத்தில் தொடங்குகிறார்கள். மற்றவர்கள் தமிழில் முடிக்கிறார்கள்.

அடுத்தது கிதார் கைமாறுகிறது. யாழ்ப்பாணத்தான் நித்தி கனகரத்தினத்தின் கள்ளுக்கடைப் பாட்டை எடுக்கிறான். நித்தியும் படிக்கிற காலத்தில் கிதார் தூக்கியவர்தான். அம்பாறை ஹார்டி கல்லூரி, 1960களின் கடைசி. கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று புத்தி சொல்லும் பாட்டு. ஒன்பது மேசையும் சேர்ந்து பாடுகின்றன. ஒருவர் புத்திமதியின் நடுவில் எழுந்து இன்னொரு கால் போத்தல் சொல்கிறார்.

ஒக்டபேட்டில் பைலா அடி. ஆறுக்கு எட்டு. போர்த்துக்கேயர் போய் முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிறது. அடி போகவில்லை. மேசைகளுக்கிடையில் இரண்டு பேர் ஆடுகிறார்கள். ஒருவருடைய பையில் வெசாக் விளக்குக்கான எண்ணெய்ப் போத்தல். ஆடும்போது அதை ஒரு கையால் பிடித்துக்கொள்கிறார்.

தூணுக்குப் பின்னால் பத்து விரலும் தொடையில் தட்டுகின்றன. பெருவிரல் மட்டுமல்ல. அடிக்கும் எதிரடிக்கும் நடுவே இன்னொரு அடி போகிறது. ஒக்டபேட்டில் அது இல்லை.

மெல்லிய மீசைக்காரன் திரும்புகிறான். கழிவறைக்குப் போக வேண்டும். கழிவறை தூணுக்குப் பின்னால்.

விரல்கள் நிற்கின்றன. நாற்காலி காலியாகிறது. சமையற்கட்டு வழியாகப் பின்படி. கொத்து ரொட்டிக்காரரின் இரண்டு தகடும் ஒரு கணம் நின்று வழிவிட்டுத் திரும்பத் தொடங்குகின்றன. மேசையில் அரைக் கிளாஸ். காசு கிளாஸுக்கு அடியில், நாலாக மடித்து.

மீசைக்காரன் அந்த மேசையைக் கடக்கிறான். காசின் மடிப்பைப் பார்க்கிறான். கழிவறைக்குப் போகாமல் திரும்பி வந்து உட்காருகிறான்.

“என்னடா?” என்கிறான் மட்டக்களப்பான்.

“ஒன்னுமில்ல. ஆள் இருக்கு.”

“ஹெட்ட எகய்,” கொப்பிக்காரர் படியேறி வருகிறார். அறுபத்தொன்று. பாட்டு அரை வரி தாமதித்துத் தொடர்கிறது.

*

பின்வளவில் கூரை என்று இருப்பது கோழிக் கூட்டுக்கு மட்டும். அடுத்த மறைவு வேன். அவர் வேனின் ஓரமாக நிற்கிறார். நிற்பதால் நனைவது குறையவில்லை. வேன் கதவு சறுக்கித் திறக்கிறது.

“ஐயா, மழைக்குள்ள நிக்காம உள்ளுக்கு வாங்க.”

“பரவால்ல புள்ள. இப்ப விட்டுரும்.”

“இது விடுற மழையா? வாங்க.”

செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறுகிறார். சீட்டின் நுனியில் உட்காருகிறார். வாயைப் பொத்தியே பேசுகிறார். “கம்பஸா?” தலையாட்டுகிறார்கள். “எந்த ஊரு?” மட்டக்களப்பு. வவுனியா. அவரிடம் யாரும் ஊர் கேட்கவில்லை. கேட்பதற்குள், “சாப்பிட்டீங்களா?” என்கிறார்.

மேலே பைலா தொடர்கிறது. மட்டக்களப்புக்காரி மறுபடி முனகுகிறாள். பிறகு வாய்திறந்து பாடுகிறாள். அவர் கால்விரல் அசைகிறது. பிறகு கைவிரல். ரெஜிஃபோம் பெட்டியின் மூடியைப் பார்க்கிறார்.

“தட்டலாமா?”

ஒரு பிளாஸ்டிக் கரண்டி. ஒரு நீளப் பென்சில். மெல்லியது இடக்கைக்கு, தடித்தது வலக்கைக்கு. மூடியின் நடுவில் ஒரு சத்தம், விளிம்பில் ஒரு சத்தம். மேலே போகிற அடியைப் பிடிக்கிறார். பிடித்தபின் அதை விட்டு விலகிப் போகிறார். சுற்றிவந்து சரியான இடத்தில் விழுகிறார். வவுனியாக்காரி போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்குகிறாள். முன் சீட்டில் தூங்கிய டிரைவர் எழுந்துவிடுகிறார். திட்டவில்லை.

மதுக்கடை வரிசையில் மிச்சமிருந்த இருவர் குடைக்குள் நின்று வேனைப் பார்க்கிறார்கள்.

*

பத்துக்கு ஐந்து நிமிடம். முதலாளி கடிகாரத்தைப் பார்க்கிறார். பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. 2007இல் உயர் நீதிமன்றம் போட்ட கட்டளை. பொலிஸ் நிலையமும் தூரமில்லை. பாடகர் கடைசி அடியை இழுக்கிறார். முதலாளி பிளக்கைக் கழற்றி ஐஸ்கிரீம் பெட்டிக்குக் கொடுக்கிறார். ஒக்டபேட் நின்றபின்னும் கீழே எங்கேயோ ஓர் அடி கேட்கிறது. ஆடியவர்கள் கொத்துத் தகடு என்று நினைக்கிறார்கள்.

“ஹெத்தே அட்டய்.” எழுபத்தெட்டு. கொப்பிக்காரர் இந்தத் தரம் உட்காரவில்லை. கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றுகிறார். மலைப்பக்கத்துக்காரர்கள் எழுகிறார்கள். மிச்சத்தை யாரும் மிச்சம் வைக்கவில்லை.

ஐந்து டீசேர்ட்டும் தலைமேல் கைவைத்து வேனுக்கு ஓடுகின்றன. யாழ்ப்பாணத்தான் கதவைச் சறுக்குகிறான். பென்சில் பாதி வழியில் நிற்கிறது.

அவர் கரண்டியை மூடியில் வைக்கிறார். பென்சிலை அதற்குப் பக்கத்தில் நேராக வைக்கிறார். செருப்பைத் தேடுகிறார்.

“மழைக்கு ஒதுங்கினேன் தம்பி. நான் வர்றேன்.” யாழ்ப்பாணத்தானைப் பார்த்துச் சொல்கிறார். அவன் தோளுக்குப் பின்னால் பார்க்கவில்லை.

“என்ன அடி அடிச்சாரு தெரியுமாடா இவரு,” என்கிறாள் மட்டக்களப்புக்காரி.

ஒரு கால் தரையில் வைத்தாகிவிட்டது. சேற்றுத் தண்ணீர் கணுக்காலுக்கு வருகிறது.

“இருங்கப்பா,” என்கிறான் மெல்லிய மீசைக்காரன். “மழ எழுவத்தெட்டாம்.”

வவுனியாக்காரி போனைக் கீழே இறக்குகிறாள். டிரைவர் பின்கண்ணாடியில் தலைகளை எண்ணுகிறார். ஏழு. எட்டு. மறுபடி எண்ணுகிறார்.

“பெரியவர் எங்க இறங்கிறது?”

“லயத்துக்கு.”

“லயத்து ரோட்டுக்கு வேன் ஏறாது தம்பி. கல் ரோடு. ஏறச் சொன்னா அது வேற கணக்கு.”

“சந்தியில எறக்கிவிட்டாப் போதும்,” என்கிறார் அவர்.

“எவ்வளவு வேற கணக்கு?” யாழ்ப்பாணத்தான் முன்சீட்டுக்கு எக்கி, விலை பேசத் தொடங்குகிறான்.