பிரசங்கிக்கு, நன்றியுடன்

அன்புக்குரிய பிரசங்கியே, வேதாகமத்தில் நீதிமொழிகளுக்கும் உன்னதப்பாட்டுக்கும் நடுவே 12 அதிகாரங்களோடு அமர்ந்திருக்கும் உமக்கு வெகுநாளாக எழுத நினைத்திருந்தேன். எங்கள் சபைகளில் உம்மைத் துக்க வீட்டில்தான் அதிகம் திறக்கிறார்கள். உலகமே மாயை என்று உம்மைச் சாட்சிக்கு அழைக்கும் பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, ருசித்துச் சாப்பிடுவதிலும் பிடித்த பாட்டில் லயிப்பதிலும்கூட ஏதோ குற்றம் ஒட்டியிருப்பதாகவே தோன்றும். எனக்கும் தோன்றியது. சந்தோஷமாக இருந்த போதெல்லாம் ஆண்டவரைவிட்டு ஓரடி விலகிப் போகிறேனோ என்று பயந்தேன். அந்தப் பயத்தைப் போக்கியவர் நீர்.

பிரசங்கியே, உம்மை முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம்வரை ஒரே மூச்சில் வாசித்த நாளில்தான், சாவைப் பற்றிப் பேசிவிட்டு நீர் சாப்பாட்டுப் பந்திக்குத் திரும்பி வருவதைக் கவனித்தேன். 2ஆம் அதிகாரத்தில் வருகிறீர், 3இல் இரண்டு முறை வருகிறீர், பிறகு 5, 8, 9, 11. உண்பதும் குடிப்பதும் உழைத்த உழைப்பில் மகிழ்வதும் தேவன் மனிதனுக்கு ஒதுக்கிய பங்கு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர். 9ஆம் அதிகாரத்தில் இன்னும் நெருங்கி வந்து, உடுத்தும் வெள்ளாடை, தலைக்கு வைக்கும் எண்ணெய், நேசிக்கும் மனைவியோடு வாழும் சுகம் வரைக்கும் பேசுகிறீர். இதற்கெல்லாம் தேவனுடைய சம்மதம் முன்பே கிடைத்துவிட்டது என்கிறீர். அந்தச் சம்மதத்தைத்தான் நான் அத்தனை காலமும் தேடிக்கொண்டிருந்தேன்.

பிரசங்கியே, உம்மைப் போலவே பேசிய ஒரு பெண்ணைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். பாபிலோனியரின் கில்கமேஷ் காவியத்தில், சாகாவரம் தேடி அலையும் மன்னனுக்கு மது விற்கும் சிதுரி புத்தி சொல்கிறாள். வயிறு நிறைய உண்பது, சுத்தமான உடை, தலைக்குளியல், கையைப் பிடித்துக்கொள்ளும் குழந்தை, மனைவி என்று அவள் அடுக்குவது ஏறக்குறைய உம்முடைய 9ஆம் அதிகாரம். ஆனால் தெய்வங்கள் உயிரைத் தங்களிடம் வைத்துக்கொண்டு மனிதருக்குச் சாவைக் கொடுத்துவிட்டன, ஆகவே இருப்பதை அனுபவி என்பது அவளுடைய நியாயம். வஞ்சிக்கப்பட்டவனுக்கு அவள் ஆறுதலாகத் தந்ததை, நீர் தகப்பன் வீட்டுச் சாப்பாடாகப் பரிமாறினீர். சாவு அப்படியேதான் இருக்கிறது. நீர் அதை மறைக்கவில்லை. சோற்றைத் தருகிறவர் யார் என்பதுதான் மாறிவிட்டது.

பிரசங்கியே, இன்பத்தை விரட்டிப் பிடிக்கப் போனவனின் கதையையும் மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. வீடுகள், திராட்சத்தோட்டங்கள், குளங்கள், வெள்ளி, பொன், பாடகர்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, கையில் காற்றுதான் மிஞ்சியது என்று 2ஆம் அதிகாரத்திலேயே சொல்லிவிட்டீர். வாலிபனைச் சந்தோஷப்படு என்று அனுப்பும்போதே நியாயத்தீர்ப்பையும் நினைவூட்டுகிறீர். விசுவாசித்தால் வீடும் காரும் நிச்சயம் என்று விற்கிற உபதேசத்துக்கு உம்மிடம் இடமில்லை. அந்த உபதேசம் வறியவர்களின் காணிக்கையைத் தின்கிறது. நீரோ ஒடுக்கப்பட்டவர்களின் கண்ணீரையும் அதைத் துடைக்க ஆளில்லாததையும் 4ஆம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறீர்.

பிரசங்கியே, உமக்கு நேர்ந்த ஓர் அநியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது. நான்காம் நூற்றாண்டு ரோமில் பிளேசில்லா என்ற இளம் விதவை இருந்தாள். கணவனோடு அவள் வாழ்ந்தது சில மாதங்கள். உலகத்தை வெறுக்கப் பழக்குவதற்காக அவளுக்கு உம்மை வாசித்துக் காட்டியதாக, வேதத்தை லத்தீனுக்குத் தந்த ஜெரோமே தம் விளக்கவுரையின் முன்னுரையில் எழுதுகிறார். கடும் நோன்பில் உடல் நலிந்து, 384ஆம் ஆண்டு, சுமார் 20 வயதில் அவள் இறந்துபோனாள். உபவாசமே அவளைக் கொன்றது என்று சவ ஊர்வலத்தில் ரோமின் மக்கள் முணுமுணுத்தார்கள். ஜெரோமின் கல்வியை நான் மதிக்கிறேன். ஆனாலும் 9ஆம் அதிகாரத்தை அந்தப் பெண்ணுக்கு யாராவது அதன் முழு இனிமையோடு வாசித்துக் காட்டியிருக்கலாம்.

பிரசங்கியே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து உமக்கு ஒரு நல்ல வாசகர் கிடைத்தார். முன்னாள் கன்னியாஸ்திரீயான கத்தரீனாவை 1525இல் மணந்த மார்ட்டின் லூத்தர், அடுத்த ஆண்டே விட்டன்பர்க்கில் உம்மைப் பற்றி விரிவுரை நடத்தினார். ஜெரோமின் வழி உம்மைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று அவர் வாதாடினார். நீர் குறை சொல்வது படைப்பை அல்ல, கையில் இருப்பதில் நிறைவடையாமல் இல்லாததற்கு ஏங்கும் மனித மனத்தை என்று விளக்கினார். கத்தரீனா வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர். மாணவர்களும் விருந்தாளிகளும் நிறைந்த அந்த மேசையில் உம் அதிகாரங்கள் சுகமாக இருந்திருக்கும்.

பிரசங்கியே, நீர் தொடங்கிய பேச்சை என் ஆண்டவர் கானா ஊரில் செயலாக்கினார். யோவான் எழுதும் முதல் அற்புதமே ஒரு கலியாண வீட்டில் நடக்கிறது. ஆறு கற்சாடிகள், அங்கே சொல்லப்படும் அளவுப்படி ஏறத்தாழ 470 முதல் 700 லிட்டர், அதுவும் பந்தியில் முதலில் வைத்ததைவிட உயர்ந்த திராட்சரசம். தேவைக்கு இவ்வளவு வேண்டியதில்லை. அவரைப் போஜனப்பிரியன் என்று எதிரிகள் ஏசினார்கள். அவர் பந்திகளை விட்டு எழுந்து போகவில்லை. அதே ஆண்டவர் 40 நாள் உபவாசமும் இருந்தவர். லெந்து காலத்தில் நானும் உபவாசம் இருக்கிறேன். உணவு நல்லது என்று நீர் கற்றுக்கொடுத்த பிறகுதான், ஒரு நல்லதை விட்டுக்கொடுக்கிறோம் என்ற உணர்வோடு அதைச் செய்ய முடிகிறது.

பிரசங்கியே, டீட்ரிக் போன்ஹோஃபருக்கு நீர் துணையிருந்ததற்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். ஹிட்லரை எதிர்த்த அந்தப் போதகர், மரியாவோடு நிச்சயமான சில மாதங்களில், 1943 ஏப்ரலில் கைதானார். அந்த ஆண்டு டிசம்பரில் பெர்லினின் டெகல் சிறையிலிருந்து நண்பர் பெத்கேவுக்கு எழுதிய கடிதத்தில், எல்லாவற்றுக்கும் ஒரு காலம் உண்டு என்ற உம்முடைய 3ஆம் அதிகாரத்தை நினைவுகூர்கிறார். தேவன் பூமியின் சந்தோஷத்தை நிறைவாகத் தரும் வேளையில் அவரைவிட அதிகப் பக்திமானாக இருக்க முயலக்கூடாது என்பது அவர் கருத்து. மனைவியின் அணைப்பில் இருக்கும்போது மறுமைக்கு ஏங்குவது அவருக்கு ஒவ்வாததாகப் பட்டது. அவருக்கோ அந்த அணைப்பு வாய்க்கவே இல்லை. 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். வாழ்வின் இனிமையைச் சிறைக்குள்ளிருந்து அப்படி வாழ்த்தியவரை வாசித்த பிறகு, என் வீட்டில் கிடைக்கிற சின்னச் சந்தோஷத்தைச் சந்தேகத்தோடு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

பிரசங்கியே, அடுத்த மாதம் என் மகளுக்குக் கலியாணம். ஆராதனையில் வழக்கமாக வாசிக்கும் பகுதியோடு உம்முடைய 9ஆம் அதிகாரத்திலிருந்தும் சில வசனங்களை வாசிக்கலாமா என்று ஆயரிடம் கேட்டேன். சம்மதித்துவிட்டார். வாசிக்கப் போவது நான்தான்.

உமக்குக் கடன்பட்ட,
உம் வாசகன்