நடுங்கும் கைகளும் நம் கைகளும்

தியானப் பகுதி: யோவான் 9:1-7



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நடுக்குவாதத்தால் வருந்தும் முதிய தாயார் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, உயிரணுவில் கழிவு சேர்ந்தால் நோய் வரும் என்றீர்களே. அப்படியானால், நான் மனதில் எதை விடாமல் சேர்த்து வைத்தேன்?" என்று கேட்டார். கசப்பை விட்டுவிட வேண்டும் என்பதற்காக நான் சொன்ன உவமை, அவர் காதில் தீர்ப்பாக விழுந்திருந்தது. ஆகையால் அதைத் திருத்தி எழுதுகிறேன்.

நம் குச்சனூர் வயல்களில் அறுப்புக்குப் பின் நெல்தாளை மடக்கி உழுகிறோம். அது மட்கி அடுத்த பயிருக்கு உரமாகிறது. நம் உயிரணுக்களிலும் அப்படியே. பழுதுபட்ட புரதத்தின்மேல் யுபிக்விட்டின் என்னும் சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்படுகிறது. புரோட்டியசோம் என்னும் உருளை வடிவ அமைப்பு அதை உள்ளிழுத்துத் துண்டாக்குகிறது. அத்துண்டுகள் அமினோ அமிலங்களாகிப் புதிய புரதங்களுக்குப் பயன்படுகின்றன. இந்த முறையைக் கண்டறிந்த ஆரோன் சிக்கனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகியோர் 2004-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

நடுக்குவாதத்தில் ஆல்ஃபா சினுக்ளின் என்னும் புரதம் மூளை உயிரணுக்களில் திரண்டு தங்குகிறது. முதுமை, மரபு, சூழல் எனப் பல காரணங்கள் இதில் கூடுகின்றன. 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பார்க்கின் என்னும் மரபணுவைக் கண்டறிந்தனர். யுபிக்விட்டின் அடையாளத்தை ஒட்டும் பணியில் அதற்குப் பங்கு உண்டு. அதில் குறை இருந்தால் இளவயதிலேயே இந்நோய் வரக்கூடும். பிறப்பிலேயே பெற்ற குறைக்கு எவரைக் குற்றவாளியாக்குவோம்?

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், யார் செய்த பாவம் என்று விசாரித்தார்கள். ஆண்டவர் அவன்மேலும் அவன் பெற்றோர்மேலும் பழி சுமத்த இடங்கொடுக்கவில்லை. அவர் குனிந்து, சேறுண்டாக்கி, அவன் கண்களைத் தொட்டார். சீஷர்கள் காரணம் தேடினார்கள், ஆண்டவரோ கைநீட்டினார்.

கசப்பை அகற்றுவது நமக்குக் கட்டளையே (எபேசியர் 4:31). ஆனால் அக்கட்டளையைக் கொண்டு பிறர் நோயை அளக்க நமக்கு அதிகாரமில்லை.

பாத்திரத்தைச் சிந்திவிடுவேனோ என்று அஞ்சி, அந்தத் தாயார் பல மாதங்களாகத் திருவிருந்துக்கு முன்வரவில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். வருகிற திருவிருந்தில் அவர் அருகே நின்று பாத்திரத்தைப் பிடிப்பேன். உங்கள் வரிசையில் கை நடுங்குகிறவர் இருந்தால், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, நோயுற்றோரை நியாயந்தீர்க்கும் நாவை அடக்கி, அவர்களைத் தாங்கும் கைகளை எங்களுக்குத் தாரும். ஆமென்.