பந்துருட்டப் போன பயணம்

'பௌலிங்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நாட்டவர் மனக்கண்முன் தோன்றுவது கிரிக்கெட் மைதானமும் முத்தையா முரளிதரனின் சுழற்பந்துமே. அமெரிக்க மக்களிடம் அச்சொல் வழங்கும் பொருள் வேறு. மெருகிட்ட நீண்ட தளமொன்றின் ஒரு முனையில் நின்று கனத்த பந்தொன்றை உருட்டி, மறுமுனையில் முக்கோண வடிவில் நிறுத்தப்பட்டிருக்கும் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் விளையாட்டையே அவர்கள் அப்பெயரால் அழைக்கின்றனர். தச்சரும் தபாற்காரரும், பாடசாலை ஆசிரியையும் அவர் கணவரும் வாரத்தில் ஒரு மாலை கூடி ஆடும் விளையாட்டு அது. அத்தகையோர் பல்லாயிரவர் ஆண்டுக்கொருமுறை ஓரிடத்திற் கூடும் பெரும் போட்டியைக் காணும் வாய்ப்பு 2016ஆம் ஆண்டு மே மாத இறுதியில் எனக்குக் கிட்டியது. கலிபோர்னியா மாநிலத்துச் சக்கரமென்டோ நகரில் வாழும் என் மருமகன், தம் அலுவலகத் தோழர் நால்வருடன் சேர்ந்து அதற்குப் பெயர் கொடுத்திருந்தார். "இரண்டு நாள் ஆட்டம், மூன்று நாள் சுற்றுலா. நீங்களும் மாமியும் கட்டாயம் வரவேண்டும், மாமா" என்றார். மறுப்பதற்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

போட்டி நிகழ்ந்த ரீனோ நகரம் அயல் மாநிலமான நெவாடாவில் உள்ளது. சக்கரமென்டோவிலிருந்து மோட்டார் வண்டியில் ஏறக்குறைய 210 கிலோமீற்றர். இடையிலே சியரா நெவாடா மலைத்தொடர் மதிலெனக் குறுக்கிடுகின்றது. டொனர் கணவாயை நெருங்கும்போது சாலை 2,000 மீற்றருக்கு மேல் ஏறிவிடுகின்றது. நம் பிதுருதலாகலையும் அவ்வண்ணம் மேலே போய்விட்டாற் போன்ற எண்ணம் உண்டாயிற்று. கோடை வாயிலில் நின்றபோதும் சிகரங்களிற் பனி மிச்சமிருந்தது. 1846ஆம் ஆண்டின் மாரியில், மேற்கு நோக்கி மாட்டு வண்டிகளிற் குடிபெயர்ந்த குடும்பங்கள் இக்கணவாயருகிற் பனியில் அகப்பட்டுப் பட்டினியால் மடிந்த கதையை மகள் சொல்லிக்கொண்டு வந்தாள். அதற்கு இருபதாண்டின் பின் இதே மலையின் கருங்கல்லைக் குடைந்து புகையிரதப் பாதை அமைத்தோர் சீனத் தொழிலாளர். காட்டை வெட்டித் தம் உயிரை உரமாக்கிய நம் மலையகத்து முன்னோரை அவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை.

மலையின் மறுபுறம் இறங்கியதும் காட்சி அடியோடு மாறிவிடுகின்றது. மழைமேகம் யாவும் மேற்குச் சரிவிலேயே வடிந்துவிடுவதால், கிழக்கே சாம்பல் நிறப் புதர் மூடிய வறண்ட நிலம். அதன் நடுவே, ஏறக்குறைய 1,370 மீற்றர் உயரத்தில், ட்ரக்கி ஆற்றின் இருகரையிலும் ரீனோ பரந்திருக்கின்றது. "உலகின் மிகப் பெரிய சிறு நகரம்" என்ற வாசகத்தைத் தாங்கிய வளைவொன்று நகரின் முதன்மை வீதியிலே நிற்கின்றது. அதன் பழம்புகழ் அவ்வளவு நல்லதன்று. 1931ஆம் ஆண்டில் நெவாடா அரசு சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டில், மாநிலத்தில் ஆறு வாரம் தங்கியிருந்தாலே விவாகரத்துப் பெறலாம் என்றும் விதித்தது. நாடெங்கணுமிருந்து கணவரைத் துறக்க விரும்பிய மாதரும், மனைவியரைத் துறக்க விரும்பிய ஆடவரும் ரீனோவிற்கு வந்து ஆறு வாரம் குடியிருந்தனர். குடும்பங்களைப் பிரித்துப் பெயரெடுத்த ஊருக்கே குடும்பம் குடும்பமாக விடுமுறைக்கு வருகின்றார்கள் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நாங்கள் தங்கிய ஹோட்டலின் கீழ்த்தளம் முழுவதும் சூதாட்டப் பொறிகளே. இருபத்தொரு வயது நிரம்பாதோர் அங்கே தரித்து நிற்கலாகாது என்பது சட்டம். ஆதலால் பத்து வயதுப் பேரனை நடுவில் விட்டு, விளக்கொளியைப் பாராதவர்போல் நாங்கள் நாள்தோறும் விரைந்து கடந்தோம். அங்கே விடியற்காலையிலும் பொறிமுன் அமர்ந்திருந்தோரின் முகங்களில் மகிழ்ச்சியை நான் காணவில்லை.

மகிழ்ச்சியெல்லாம் நடைதூரத்திலிருந்த தேசிய பௌலிங் அரங்கில் இருந்தது. 1995ஆம் ஆண்டில் இவ்விளையாட்டுக்கென்றே எழுப்பிய அம்மண்டபத்தைப் 'பத்துக் கட்டைகளின் தாஜ்மகால்' என்று அமெரிக்கர் செல்லமாக அழைப்பர். ஷாஜகானின் தாஜ்மகாலோடு அதற்கு ஒப்புமை எதுவும் இல்லை. ஆயினும் ஒரே வரிசையில் 78 தளங்கள் பளபளவென்று கிடக்கும் காட்சி வியப்பூட்டுவதே. எறிகோட்டிலிருந்து முதற்கட்டைவரை ஒவ்வொரு தளமும் 60 அடி நீளம். பந்தின் நிறை 16 இறாத்தலுக்கு மேற்படலாகாது. இவ்வளவுதானா என்று முதலில் எண்ணினேன். மருமகன் விளக்கியபின்னரே அதன் சூட்சுமம் புலனாயிற்று. கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றைத் தளத்தின் முற்பகுதியிற் பூசி விடுகின்றனர். அதன்மேற் பந்து சுழன்றபடியே வழுக்கிச் செல்லும். எண்ணெய் முடிந்து உலர்ந்த பலகையைத் தொட்டதும் தளத்தைப் பற்றிக்கொண்டு வளைந்து திரும்பும். அவ்வளைவு முதற்கட்டைக்குச் சற்றே பக்கத்திற் சென்று பாய்ந்தாற்றான் பத்தும் ஒருங்கே வீழும். ஆட்டம் நடக்க நடக்கப் பந்துகள் எண்ணெயை வாரிக்கொண்டு போவதால், முதலாட்டத்திற் கைகொடுத்த குறி மூன்றாம் ஆட்டத்திற் கைவிட்டுவிடும். காணாத ஒன்று இடையறாது மாறிக்கொண்டிருக்க, அதற்கேற்ப நின்ற இடத்தையும் விட்ட வேகத்தையும் மாற்றிக்கொள்வதே இக்கலை. பன்னிரண்டு முறை தொடர்ந்து பத்தையும் வீழ்த்துவோர் 300 என்னும் நிறைவெண்ணிக்கையை அடைவர்.

இப்போட்டி முதன்முதல் 1901ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரில் நடந்தது. ஒன்பது மாநிலத்தவர் 41 குழுக்களாக வந்தனராம். இன்றோ நாட்டின் எல்லா மாநிலத்தாரும் பிற நாட்டாரும் வருதலால், மாதக் கணக்கில் முறைவைத்து ஆடவேண்டியிருக்கின்றது. ஒருவருக்கு மொத்தம் ஒன்பது ஆட்டங்கள்: குழுவாக மூன்று, இருவராக மூன்று, தனியாக மூன்று. உலகப் பெயர்பெற்ற வீரரும் வரலாம். ஆனால் வருவோரிற் பெரும்பாலோர் பரிசை நம்பி வருபவரல்லர். இந்தியானா மாநிலத்துப் பில் டோர்மன் என்பவர் 1908 முதல் 1981 வரை, போரின் நிமித்தம் போட்டி நடவாத மூன்றாண்டு நீங்கலாக, 71 போட்டிகளில் இடையறாது ஆடினார். ஐம்பதாண்டு ஆடினோர்க்கு நினைவுக் கேடயம் வழங்குவது வழக்கம். குழு ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர் அனைவரும் மண்டபத்தின் நடுவழியே அணிவகுத்து வருவர். என் மருமகன் ஒரே நிற மேற்சட்டை அணிந்த தோழர்களோடு அவ்வாறு வரக்கண்ட பேரன், "அம்மப்பா, அப்பாவைப் பாருங்கள்!" என்று கத்திய குரல் கைதட்டொலியில் அமுங்கிப்போயிற்று.

பார்வையாளர் வரிசையில் எங்களுக்குப் பக்கத்தில் எண்பது வயதிருக்கும் ஜப்பானிய வமிசத்து மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். தம் பேரன் ஆடுவதைப் பார்க்க வந்தவர். கையோடு கொணர்ந்த தோடம்பழத்தை உரித்து என் மனைவிக்கும் பேரனுக்கும் கொடுத்தபடியே பேசத் தொடங்கினார். "என் தந்தையார் சக்கரமென்டோவிலேயே நல்ல ஆட்டக்காரர். ஆனால் இந்தப் போட்டியில் ஒருநாளும் ஆடியதில்லை" என்றார். ஏனென்று கேட்டேன். "அவரைச் சேர்க்கமாட்டார்கள்" என்று எவ்விதக் கசப்புமின்றிச் சொன்னார்.

அவர் கூறியது வரலாறு. இப்போட்டியை நடத்திய அமெரிக்க பௌலிங் பேரவையின் விதிகளில், வெள்ளை இன ஆடவரே உறுப்பினராகலாம் என்ற வாசகம் இருந்தது. கறுப்பின மக்கள் 1939இல் டிற்றொயிற் நகரிலே தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டனர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வமிசத்தார் ஏறக்குறைய 120,000 பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்து வைத்தது. ஆறு வயதுச் சிறுமியாக இம்மூதாட்டியும் தூலி ஏரி முகாமிற்குப் பெற்றோருடன் போனவர். மீண்டு வந்த ஜப்பானிய வமிசத்தார் 1947இற் சோல்ற் லேக் நகரில் தமது தேசியப் போட்டியை நடத்தினர். மோட்டார்த் தொழிலாளர் சங்கமும், பின்னாளில் உதவி ஜனாதிபதியான ஹியூபெர்ட் ஹம்பிரியும், வேறு பலரும் அவ்விதியை எதிர்த்துப் பிரசாரம் செய்தனர், வழக்குகளும் எழுந்தன. 1950ஆம் ஆண்டில் அவ்வாசகம் நீக்கப்பட்டது. பந்தை உருட்டுவதற்கு இவ்வளவு போராட்டமா என்று கேட்கலாம். வாரந்தோறும் அயலவன் ஆடும் தளத்துக்கு வெளியே நிற்கவேண்டியவனுக்கன்றோ அதன் கனம் தெரியும்!

"கதவு திறந்தபின் உங்கள் தந்தையார் வந்தாரா?" என்றாள் என் மகள்.

"இல்லை. எங்கள் போட்டிக்கே போனார். ஆண்டுதோறும் ஒவ்வோர் ஊரில் நடக்கும்; எங்கள் எல்லாரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். எங்களுக்கு அதுவே விடுமுறை. என் தம்பிதான் முதன்முதல் இந்தப் போட்டிக்கு வந்தான், அப்பா பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்" என்றார் அவர். அவ்வேளை கீழே அவர் பேரன் பத்தையும் வீழ்த்தவே, பேச்சை விட்டு எழுந்து கைதட்டினார். பிறகு அதைப்பற்றி அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மருமகனின் ஆட்டத்தைப்பற்றி விரித்தெழுதினால் அவர் என்மேற் குறைப்படக்கூடும். இரு கோடியிலும் ஒவ்வொரு கட்டை மட்டும் எஞ்சி நிற்கும் வில்லங்கமான நிலை அவருக்கு மும்முறை வாய்த்தது. மறுநாட் தனியாட்டம் மூன்றிலும் சேர்த்து 512 பெற்றார். தோழர்கள் அதற்கே அவரைத் தோளிற் தட்டி விருந்துக்கு அழைத்துச் சென்றனர்.

எஞ்சிய நாட்களைத் தாகோ ஏரிக்கரையிற் கழித்தோம். ரீனோவுக்கு ஊடாக ஓடும் ட்ரக்கி ஆறு பிறப்பது இங்கேதான். கடல்மட்டத்திலிருந்து 1,897 மீற்றர். அஃதாவது நுவரெலியாவின் உயரத்துக்குச் சற்றே அதிகம். ஆனால் கிரகரி வாவியை மனத்திற்கொண்டு இதனைக் கற்பனை செய்தல் கூடாது. ஆழம் 501 மீற்றர். நீளம் 35 கிலோமீற்றர். கரையோரத்தில் அடிக்கற்களை எண்ணலாம்போற் தெளிந்த நீர், அப்பாற் போகப்போகக் கருநீலமாகி, எதிர்க்கரைப் பனிமலையின் அடியில் முடிகின்றது. மாரியிலும் இவ்வேரி உறைவதில்லையாம். காலை நனைக்கத் துணிந்த என் மனைவி மறுகணமே கரையேறிவிட்டார்.

பேரன் பைன் மரத்துக் காய்கள் பத்தைப் பொறுக்கி மணலில் முக்கோணமாக நிறுத்தினான். உருண்டைக் கல்லொன்றைப் பந்தாகக் கொண்டு எல்லோரும் ஆடவேண்டும் என்றான். எண்ணெயுமில்லை, எண்ணிக்கைப் பலகையுமில்லை. மகள் எட்டு வீழ்த்தினாள். மருமகன் ஆறு. எனக்கு நான்கு, அவற்றுள் ஒன்று காற்றில் வீழ்ந்தது என்று பேரன் கணக்கிற் சேர்க்க மறுத்துவிட்டான்.